`நம்பலாமா... வேண்டாமா?’ - ஒரு கிக்கரும், 33 வருடக் காயத்தோடு வாழும் ஒரு நகரமும்!

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தை ஒட்டிய ஆர்ச்சர்ட் பார்க் ஸ்டேடியம். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு பல்லாயிரம் ரசிகர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஸ்கோர் போர்டில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27, பஃபலோ பில்ஸ் 24. ஆட்டம் முடிய இன்னும் 1 நிமிடம் 43 விநாடிகள்.

மைதானத்துக்குள் வருகிறார் டைலர் பாஸ். பஃபலோ அணியின் கிக்கர். இலக்கு 44 யார்டு, அதாவது சுமார் 40 மீட்டர். உள்ளே போனால் 3 புள்ளிகள். ஆட்டம் சமன். பந்து பின்னால் வருகிறது, ஒருவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துகிறார், டைலர் ஓடி வந்து உதைக்கிறார்.

பந்து உயரமாகப் போகிறது. தூரமும் போதுமானதாகவே இருக்கிறது. ஆனால், போகப் போக வலதுபக்கம் விலகி, கம்பத்துக்கு வெளியே விழுகிறது.

டிவி வர்ணனையாளர் வாயிலிருந்து வந்தன அந்த இரண்டு வார்த்தைகள். `வைடு ரைட்’. வேறு எந்த ஊராக இருந்தாலும் அது வெறும் வர்ணனை. பஃபலோவில் அப்படியில்லை. அந்த ஊரில் 33 ஆண்டுகளாக யாரும் உரக்கச் சொல்ல விரும்பாத இரண்டு வார்த்தைகள் அவை!

அன்றிரவே ஆரம்பித்துவிட்டது விவாதம். `இந்த ஆளை இனியும் நம்பலாமா?’

கிக்கரின் வேலை என்ன?

அமெரிக்கன் ஃபுட்பால் நம்மூரில் அவ்வளவாகப் பழக்கமில்லை. பெயர்தான் ஃபுட்பால். பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டி மோதி, எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் அது `டச் டவுன்’. 6 புள்ளிகள். எல்லை வரை போக முடியவில்லை என்றால், இருக்கும் இடத்திலிருந்தே பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பலாம். அது `ஃபீல்டு கோல்’. 3 புள்ளிகள். இப்படி உதைப்பதற்கென்றே இருப்பவர்தான் `பிளேஸ் கிக்கர்’.

என்.எஃப்.எல் அணி ஒன்றில் 53 வீரர்கள் வரை இருப்பார்கள். அதில் பிளேஸ் கிக்கர் வழக்கமாக ஒரே ஒருவர்தான். ஒரு மணி நேர ஆட்டத்தில் அவர் களத்தில் இருப்பது சில விநாடிகளே. மற்றவர்கள் மோதி, உருண்டு, சேற்றில் புரண்டு எழுந்திருக்கும்போது, இவர் ஓரமாக நின்று வலைக்குள் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருப்பார். ஆனால், ஆட்டத்தின் தலையெழுத்து பல நேரம் இவர் காலில் வந்து நிற்கும்.

உதைப்பது ஒருவர் என்றாலும் அந்த வேலை மூன்று பேருடையது. குனிந்து நின்று கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிபவர் `லாங் ஸ்னாப்பர்’. அதைப் பிடித்து, தையல் முன்பக்கம் இருக்கும்படி திருப்பி, தரையில் நிறுத்துபவர் `ஹோல்டர்’. மூன்றாவது ஆள் கிக்கர். பந்து கிளம்பியதிலிருந்து உதைக்கும் வரை ஒன்றேகால் விநாடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை விநாடி. அதற்குள் எதிரணி வீரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வருவார்கள். இந்த மூவரில் யார் கொஞ்சம் தடுமாறினாலும் பந்து திசை மாறும். டிவியில் காட்டுவது மட்டும் கிக்கரின் முகத்தை!

கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் பதினெட்டரை அடி. குறுக்குக் கம்பியின் உயரம் 10 அடி. கேட்க சுலபமாகத்தான் இருக்கும். 40 மீட்டர் தள்ளி நின்று, உறைபனிக் குளிரில், எரீ ஏரியிலிருந்து வீசும் காற்றில் உதைக்கும்போதுதான் அந்தப் பதினெட்டரை அடி எவ்வளவு சின்னது என்று தெரியும்.

1991-ல் விழுந்த காயம்

பஃபலோ, நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊர். நியூயார்க் மாநிலத்தில் இருந்தாலும் நியூயார்க் நகரத்தின் பளபளப்பு இல்லாத ஊர். இரும்பு ஆலைகளால் வாழ்ந்து, அவை மூடப்பட்டதால் தளர்ந்த நகரம். அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள `பில்ஸ்’ அணிதான் இருந்தது.

1991 ஜனவரி 27. ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் 25-வது சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பஃபலோ 19. மீதி இருப்பது 8 விநாடிகள். பஃபலோவின் கிக்கர் ஸ்காட் நார்வுட் முன்னால் 47 யார்டு தூர இலக்கு. உள்ளே போனால் பஃபலோவுக்கு முதல் சூப்பர் பவுல் கோப்பை.

நார்வுட் சாதாரண ஆள் இல்லை. அதுவரையிலான அணி வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். ஆனால், பஃபலோவின் சொந்த மைதானத்தில் விரித்திருந்தது செயற்கைத் தரை. டாம்பாவில் இருந்ததோ இயற்கைப் புல். 47 யார்டு என்பது அந்தக் காலக் கிக்கர்களுக்கு எளிய தூரமும் இல்லை.

பந்து வலதுபக்கம் விலகிப் போனது. `வைடு ரைட்’ என்ற வார்த்தைகள் அன்றுதான் பஃபலோவின் நெஞ்சில் ஏறின.

அதன்பின் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பஃபலோ சூப்பர் பவுலுக்குப் போனது. மூன்றிலும் தோல்வி. தொடர்ந்து நான்கு இறுதிப்போட்டிகளுக்குப் போய் நான்கிலும் தோற்ற ஒரே அணி! ஆனால், மற்ற மூன்று தோல்விகளும் பெரிய வித்தியாசத்தில் வந்தவை. கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது முதலாவது மட்டும்தான். அதனால் மொத்தப் பாரமும் ஒரு மனிதர் தலையில் இறங்கியது. 1998-ல் வந்த `பஃபலோ ’66’ என்ற திரைப்படத்தில், கோலைத் தவறவிட்ட ஒரு கிக்கரைக் கொல்லத் துடிக்கும் ரசிகன்தான் கதாநாயகன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், சினிமாவில் வராத ஒரு காட்சி நிஜத்தில் நடந்தது.

தோற்ற மறுநாள், பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில் அணியை வரவேற்க 25,000-க்கும் அதிகமானோர் கூடினார்கள். ஜெயித்து வந்த அணிக்கு அல்ல, தோற்று வந்த அணிக்கு! நார்வுட் எல்லோருக்கும் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி அழைக்க ஆரம்பித்தது. `எங்களுக்கு ஸ்காட் வேண்டும்’ என்ற கோஷம் நிற்கவே இல்லை. கடைசியில் அவர் மைக் முன்னால் வந்தார். குரல் உடைந்தது. இப்போது உணரும் அளவுக்கு அன்பை வாழ்க்கையில் எப்போதும் உணர்ந்ததில்லை என்று சொன்னார்.

தோற்ற இரவிலும் அவர் ஓடி ஒளியவில்லை. உடை மாற்றும் அறையில் நின்று, வந்த நிருபர்களின் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார். அந்த நேர்மையை ஊர் கவனித்திருந்தது.

ஒரே நாளில் வில்லன்

2024-க்குத் திரும்புவோம். டைலருக்கு நயாகரா சதுக்கம் இல்லை. அவருக்குக் கிடைத்தது செல்போன்.

ஆட்டம் முடிந்து வந்த டைலர், தவறு முழுக்க முழுக்கத் தன்னுடையதே என்று நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். காற்றின் மீதோ ஹோல்டர் மீதோ பழியைப் போடவில்லை. ஆனால், சமூக வலைதளங்களில் வந்து குவிந்தவை விமர்சனங்கள் அல்ல, வசவுகளும் மிரட்டல்களும். அவர் தன் சமூக வலைதளக் கணக்குகளையே மூடவேண்டி வந்தது.

ரசிகர்களில் ஒரு தரப்பின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. `இவருக்கு இருப்பதே ஒரு வேலை. அதற்குத்தான் சம்பளம். 2023-ல்தான் நான்கு ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். முந்தைய வாரம் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரான ஆட்டத்திலும் சொதப்பினார். ஃபார்மில் இல்லாத ஆளை நம்பி ஒரு சீசனையே பணயம் வைக்கலாமா?’ என்பது இவர்கள் கேள்வி.

மறுதரப்பு வேறு கணக்கைக் காட்டியது. `அந்த கோல் விழுந்திருந்தால் ஆட்டம் சமன்தான் ஆகியிருக்கும். ஜெயித்திருக்க முடியாது. எதிரணியில் பேட்ரிக் மஹோம்ஸ் இருக்கிறார். அவருக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் மிச்சம் இருந்தது. அதற்குச் சற்று முன்னால் டச் டவுனுக்கான வாய்ப்பு நழுவியதே, அதை யார் கேட்பது? நான்காவது கால் பகுதியில் எதிரணியை ஏமாற்ற நினைத்துச் செய்த ஒரு தந்திரம் பிசகியதே, அது யார் தவறு?’

நார்வுட் விஷயத்திலும் இதே கேள்வி உண்டு. அந்த இறுதிப்போட்டியின் 60 நிமிடங்களில் 40 நிமிடங்களுக்கு மேல் பந்து ஜயன்ட்ஸ் அணியிடமே இருந்தது. சூப்பர் பவுலில் அதுவே சாதனை. அதைத் தடுக்க முடியாத தடுப்பாட்டக்காரர்களின் பெயர்கள் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

கடைசியாகத் தொட்டவர் மேல்தான் பழி விழும். விளையாட்டில் மட்டுமல்ல, வீட்டிலும் அலுவலகத்திலும் இதுதானே நடக்கிறது!

29 உதைகள் சொல்லும் கணக்கு

`நம்பகமானவர்’ என்று ஒரு கிக்கரை எதை வைத்துச் சொல்வது? இங்கேதான் விவாதம் சுவாரஸ்யமாகிறது.

2023 வழக்கமான சீசனில் டைலர் 29 ஃபீல்டு கோல்களுக்கு முயன்று 24-ஐ உள்ளே போட்டார். 82.8 சதவிகிதம். இன்றைய என்.எஃப்.எல் சராசரி 85 சதவிகிதத்தை ஒட்டி இருக்கிறது. எனவே, `சராசரிக்கும் கீழே’ என்ற முத்திரை விழுந்தது.

அந்த 24 என்பது 26 ஆகியிருந்தால்? 89.7 சதவிகிதம். `நாட்டின் சிறந்த கிக்கர்களில் ஒருவர்’ என்று அதே ரசிகர்கள் கொண்டாடியிருப்பார்கள். சந்தேகத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் இரண்டு உதைகள். 17 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இரண்டே இரண்டு!

ஒரு பேட்ஸ்மேன் ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான பந்துகளைச் சந்திக்கிறார். அவர் ஃபார்மில் இருக்கிறாரா, இல்லையா என்று சொல்ல நிறைய ஆதாரம் கிடைக்கிறது. கிக்கருக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ வாய்ப்பு. சில வாரம் அதுவும் இல்லை. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில், ஒரு காற்று வீச்சையும் உண்மையான சரிவையும் பிரித்துப் பார்ப்பது பயிற்சியாளர்களுக்கே கஷ்டம்.

தூரத்தையும் பார்க்க வேண்டும். 25 யார்டிலிருந்து உதைப்பதும் 55 யார்டிலிருந்து உதைப்பதும் சதவிகிதக் கணக்கில் ஒன்றுதான். மூடிய கூரைக்குக் கீழே ஆடும் அணியின் கிக்கரையும், பஃபலோவின் பனிக்காற்றில் ஆடும் கிக்கரையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவதும் சரியாகாது.

இன்னொரு வேடிக்கை. கிக்கர்கள் திறமையாக ஆக ஆக, ரசிகர்களின் பொறுமை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 1960-களில் உதைத்த ஃபீல்டு கோல்களில் பாதியோ, சற்று மேலோதான் உள்ளே போகும். நார்வுட் காலத்தில் நான்கில் மூன்று. இன்று ஏழில் ஆறு. அன்று உள்ளே போனால் ஆச்சரியம். இன்று வெளியே போனால் குற்றம்!

இந்த முன்னேற்றத்தின் தொடக்கப்புள்ளியும் பஃபலோதான். 1964 வரை தொழில்முறைக் கிக்கர்கள் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால்தான் உதைப்பார்கள். அந்த ஆண்டு பீட் கோகோலாக் என்ற இளைஞரை பில்ஸ் அணி சேர்த்தது. ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த குடும்பம். சாக்கர் ஆடி வளர்ந்தவர். பக்கவாட்டில் ஓடிவந்து புறங்காலால் பந்தை வளைத்து உதைத்தார். முதலில் எல்லோரும் விசித்திரமாகப் பார்த்தார்கள். இன்று அந்த விசித்திரம்தான் விதி. எல்லா கிக்கர்களும் அப்படித்தான் உதைக்கிறார்கள்.

`நான் உதைத்தால் போயிருக்கும்’ - நிஜமாகவா?

சோபாவில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் எல்லோருக்கும் தோன்றும் ஒரு வசனம் உண்டு. `இதைக்கூட அடிக்க முடியலையா?’ சிகாகோவில் ஒருமுறை இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

2019 ஜனவரி 6. சிகாகோ பேர்ஸ் அணியின் கோடி பார்க்கி, ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் 43 யார்டு கோலுக்கு முயன்றார். பந்து முதலில் இடதுபக்கக் கம்பத்தில் பட்டது. பிறகு குறுக்குக் கம்பியில் பட்டது. பிறகு வெளியே விழுந்தது! 16-15 என்ற கணக்கில் சிகாகோ தோற்றது. ஊரே பார்க்கியைத் திட்டித் தீர்த்தது. எதிரணி வீரர் ஒருவரின் விரல் பந்தில் உரசியது பிறகுதான் உறுதியானது.

அதே வாரம், அங்கிருந்த கூஸ் ஐலண்ட் மதுபான நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. `உங்களால் 43 யார்டு கோல் போட முடியுமா? வாருங்கள்!’ பனி கொட்டும் சிகாகோ தெருவில் கம்பம் நட்டார்கள். நூறு பேர் வரிசையில் நின்று உதைத்தார்கள். பாய்ந்து வர எதிரணி இல்லை. அலறும் ஸ்டேடியமும் இல்லை. உள்ளே போன பந்துகள் எத்தனை தெரியுமா?

பூஜ்யம்.

அந்தப் போட்டிக்குப் பிறகு சிலராவது பார்க்கியை வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆனால், அணி நிர்வாகம் பார்க்கவில்லை. அந்த சீசன் முடிந்ததும் அவரை விடுவித்துவிட்டது.

குழந்தைகள் எழுதிய கடிதங்கள்

மின்னசோட்டாவின் கதை இன்னும் நெகிழ்ச்சியானது. 2016 ஜனவரி 10. மைனஸ் 21 டிகிரி குளிர். வைக்கிங்ஸ் அணியின் பிளேர் வால்ஷ் அன்று மூன்று கோல்கள் போட்டிருந்தார். அணி எடுத்த 9 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை. கடைசியில் வெறும் 27 யார்டு தூரத்தில் வெற்றி காத்திருந்தது. உதைத்தார். இடதுபக்கம் விலகிப் போனது. 10-9 எனத் தோல்வி.

பெரியவர்கள் கோபத்தில் இருந்தபோது, பிளெய்ன் என்ற ஊரின் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் வால்ஷுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். தவறு எல்லோரும் செய்வதுதான், கவலைப்படாதீர்கள் என்று கிறுக்கல் எழுத்தில் ஆறுதல் சொன்னார்கள். வால்ஷ் அந்தப் பள்ளிக்கே நேரில் போய் குழந்தைகளுக்கு நன்றி சொன்னார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். முடியவில்லை. அடுத்த சீசனிலும் வால்ஷ் தொடர்ந்து தவறவிட்டார். நவம்பரில் அணி அவரை நீக்கியது.

அன்பு வேலையைக் காப்பாற்றாது. அது கசப்பான உண்மை. ஆனால், `இவர் அணியில் தொடர வேண்டுமா?’ என்பதும், `இவரை எப்படி நடத்த வேண்டும்?’ என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை அந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பெரியவர்கள்தான் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

22 டாலரும் பூனைகளும்

பஃபலோவுக்கும் அது புரிந்தது. ஒரே நாளில்!

டைலருக்குப் பூனைகள் மீது பிரியம். அந்தப் பகுதியில் கைவிடப்பட்ட பூனைகளைக் காப்பாற்றும் `டென் லைவ்ஸ் கிளப்’ என்ற தொண்டு அமைப்புக்கு அவர் முன்பு ஆதரவாகப் பிரசாரம் செய்திருந்தார். டைலரை எல்லோரும் திட்டுவதைப் பார்த்த அந்த அமைப்பு, `எங்கள் நண்பரைத் துன்புறுத்தாதீர்கள்’ என்று பூனைப் படத்தோடு ஒரு பதிவு போட்டது.

அவ்வளவுதான். ரசிகர்கள் அவர் பெயரில் அந்த அமைப்புக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். டைலரின் ஜெர்சி எண் 2. அதனால் ஆளுக்கு 22 டாலர் என்று ஒரு கணக்கு பரவியது. சில நாள்களில் தொகை ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பஃபலோ தோற்ற ஆட்டத்தால் பூனைகளுக்கு யோகம்!

இது பஃபலோ ரசிகர்களுக்குப் புதிதல்ல. `பில்ஸ் மாஃபியா’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இவர்கள், 2020-ல் நட்சத்திர வீரர் ஜோஷ் ஆலனின் பாட்டி இறந்தபோது, ஆலனின் ஜெர்சி எண்ணான 17-ஐ வைத்து ஆளுக்கு 17 டாலர் என ஊரிலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அது 10 லட்சம் டாலரைத் தாண்டியது. துக்கம் வந்தால் யாருக்காவது உதவிவிடுவது இவர்கள் பழக்கம்.

1991-ல் சதுக்கத்தில் நின்று கோஷம் போட்டவர்களின் பிள்ளைகள், 2024-ல் செல்போனைக் கையில் எடுத்து அதையே செய்திருக்கிறார்கள். வசவு அனுப்பியதும் அதே செல்போன். ஆறுதல் அனுப்பியதும் அதே செல்போன்.

மீண்டும் தடுமாற்றம்... மீண்டும் விவாதம்

ஆனால், சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. 2024 சீசன் தொடங்கியது. அக்டோபர் 14 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக ஒரு ஃபீல்டு கோலையும், டச் டவுனுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு புள்ளிக்கான உதையையும் டைலர் தவறவிட்டார். அதே ஆட்டத்தின் கடைசியில், பக்கத்திலிருந்து கிடைத்த வாய்ப்பைப் போட்டு வெற்றிக்கும் காரணமானார். ஆனாலும் ரசிகர்களின் முகம் மலரவில்லை.

`போதும், வேறு ஆளைப் பாருங்கள்’ என்ற குரல்கள் வலுத்தன. நிர்வாகமும் லூகாஸ் ஹாவ்ரிசிக் என்ற இன்னொரு கிக்கரைப் பயிற்சிக் குழுவில் சேர்த்தது. அலுவலகத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில், உங்கள் வேலையைத் தெரிந்த இன்னொருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்! ஆனால், தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட் டைலரை நீக்கவில்லை. அவரையே தொடர்ந்து களத்துக்கு அனுப்பினார்.

2024 நவம்பர் 3. அதே ஆர்ச்சர்ட் பார்க். எதிரணி மயாமி டால்ஃபின்ஸ். அன்றும் டைலர் ஒரு புள்ளிக்கான எளிய உதையைத் தவறவிட்டிருந்தார். ஸ்டேடியத்தில் முணுமுணுப்பு. கடைசி நிமிடங்களில் ஸ்கோர் 27-27. பஃபலோ மெல்ல முன்னேறியது. ஆனால், நேரம் போதவில்லை. கம்பம் இன்னும் வெகு தூரத்தில். மீதி சில விநாடிகள்.

61 யார்டு. சுமார் 56 மீட்டர். டைலர் தன் வாழ்க்கையில் அவ்வளவு தூரத்திலிருந்து ஆட்டத்தில் கோல் போட்டதில்லை. பஃபலோவின் 60 ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றில் யாருமே போட்டதில்லை. 1993-ல் ஸ்டீவ் கிறிஸ்டி போட்ட 59 யார்டுதான் அணியின் சாதனை. நார்வுட் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்தான் கிறிஸ்டி.

44 யார்டையே தவறவிட்ட ஆளிடம் 61 யார்டைக் கொடுப்பதா? அந்த நிமிடத்தில் பல வீடுகளில் கைகள் தலைக்குப் போயிருக்கும்.

பந்து வந்தது. நிறுத்தப்பட்டது. டைலர் உதைத்தார்.

உள்ளே!

30-27. மீதி 5 விநாடிகள். அணியின் புதிய சாதனை. சக வீரர்கள் ஓடிவந்து அவரை மொய்த்துக்கொண்டார்கள். சில வாரங்களுக்கு முன் `மாற்று’ என்று கேட்ட அதே மக்கள் எழுந்து நின்று அவர் பெயரைக் கத்தினார்கள்.

விவாதம் முடியுமா?

முடியாது. முடியவும் இல்லை. ஒரு 61 யார்டு உதை ஒருவரை நம்பகமானவர் ஆக்கிவிடாது. ஒரு 44 யார்டு உதை ஒருவரை உதவாக்கரை ஆக்கிவிடாததைப்போலவே.

2025-ல் வந்தது வேறு சோதனை. இடுப்புப் பகுதியில் ஏற்பட்ட காயத்தால், சீசன் தொடங்கும் முன்பே டைலர் ஒதுங்கவேண்டியதாயிற்று. அவசரமாக 41 வயது மேட் பிரேட்டரை அழைத்தார்கள். அணிக்கு வந்த சில நாள்களிலேயே, செப்டம்பர் 7 அன்று பால்டிமோருக்கு எதிராகக் கடைசி விநாடியில் கோல் போட்டு 41-40 என ஜெயிக்கவைத்தார் பிரேட்டர். டைலரின் இடத்தில் இன்னொருவர் ஹீரோ ஆனார். கிக்கரின் வாழ்க்கை அப்படிப்பட்டது. வெற்றியும் வேலையும் அடுத்த உதை வரைக்கும்தான்.

நார்வுட்டுக்கும் ஒரு பின்கதை உண்டு. அதைப் பெரும்பாலானோர் சொல்வதில்லை. `வைடு ரைட்’டுக்குப் பிறகு அவர் ஓய்வுபெற்றுவிடவில்லை. அடுத்த சீசனும் பஃபலோவுக்கே ஆடினார். 1992 ஜனவரியில், சூப்பர் பவுலுக்குத் தகுதிபெறும் ஆட்டத்தில் டென்வர் அணியை 10-7 என்று வென்றது பஃபலோ. அந்த மூன்று புள்ளி வித்தியாசம், நார்வுட் போட்ட ஒரு ஃபீல்டு கோல்.

தூரம் 44 யார்டு. 32 ஆண்டுகள் கழித்து டைலர் தவறவிட்ட அதே தூரம்!

பஃபலோவை மீண்டும் சூப்பர் பவுலுக்கு அனுப்பிய அந்த உதையை இன்று யாரும் அதிகம் பேசுவதில்லை. தவறிய உதைக்குத்தான் பெயர் இருக்கிறது. சரியாகப் போனதற்குப் பெயரே இல்லை.

அடுத்தமுறை எந்த ஆட்டமாக இருந்தாலும், கடைசி நேரத்தில் சறுக்கிய ஒருவர் தலைகுனிந்து வெளியே வருவதைப் பார்த்தால், `இவரை எடுக்கணுமா, வேண்டாமா?’ என்று தாராளமாக விவாதம் செய்யுங்கள். ரசிகருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், செல்போனை எடுத்து அவருக்கு ஏதாவது அனுப்பும் முன், அந்த நூறு பேரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பனியில் வரிசையாக நின்று உதைத்தார்களே... அதில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை!